கத்தரிக்கோலை எங்கே வைப்பது?

“பணமில்லை” என்கிறார்கள்.

பட்ஜெட் வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பல்லவி இது. கஜானாவில் பணமில்லை, ஆகவே செலவைக் குறைக்க வேண்டும், ஆகவே ஒவ்வோர் இலாகாவும் வாங்கும் சரக்கில் நூற்றுக்குப் பத்து வெட்டு! கோட்டையிலே உத்தரவு பிறக்கிறது. அங்கிருந்து மாவட்டத்துக்கு வருகிறது. மாவட்டத்திலிருந்து தாலுகாவுக்கு வருகிறது. கடைசியில் எங்கே வந்து நிற்கிறது? அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வந்து நிற்கிறது.

ஜன்னலுக்கு இந்தப் புறம் ஒரு தோழர் நிற்கிறார். சந்தையில் மூட்டை தூக்குபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, வரிசையில் கால்கடுக்க நின்று, டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கி வந்திருக்கிறார். சீட்டிலே மூன்று மருந்து எழுதியிருக்கிறது.

“ரெண்டுதான் இருக்குங்க. மூணாவது ஸ்டாக் இல்லை. வெளியிலே வாங்கிக்குங்க.”

“வெளியிலே எவ்வளவு ஆகுமுங்க அய்யா?”

பதில் இல்லை. அதற்குள் பின்னால் நிற்பவர் தன் சீட்டை நீட்டியாயிற்று.

கோட்டையிலே போட்டது பத்து சதவீத வெட்டு. அந்த மூன்றாவது மருந்தைப் பொறுத்தவரை, இந்தத் தோழரின் மடியில் அது நூறு சதவீத வெட்டாக விழுந்துவிட்டது! இதற்குப் பெயர் சிக்கனமா? சர்க்கார் மிச்சம் பிடித்ததாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது. உண்மையிலே நடந்தது என்ன? சர்க்கார் கொடுக்க வேண்டியதை மூட்டை தூக்குபவர் கொடுத்தார். செலவு குறையவில்லை, தோழர்களே! செலவு தோள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கனத்துக்கு நாம் விரோதிகளா?

உடனே கேட்பார்கள்: “அப்படியானால் சர்க்கார் பணத்தை வாரி இறைக்கச் சொல்கிறீரா? சிக்கனமே கூடாதா?”

அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது. சிக்கனம் என்றால் என்னவென்று உழைப்பாளி வீட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் வீட்டுத் தாய்மார்களைப் பாருங்கள். கூலி குறைந்த மாதத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? அரிசியை நாளுக்கு நாள் சில்லறையாக வாங்காமல் மொத்தமாக வாங்குகிறார்கள். நாலு வீட்டார் சேர்ந்து மண்டியிலே ஒரு மூட்டை பேசி முடித்துப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விளம்பரத்துக்காக விலை ஏறிய சோப்பை விட்டுவிட்டு, அதே வேலை செய்யும் மலிவான சோப்பை எடுக்கிறார்கள். கைப்பிடி அரிசியை எடுத்து மோந்து பார்த்து, புழு இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

கைக்குழந்தையின் பாலில் தண்ணீர் ஊற்றி மிச்சம் பிடிக்கும் தாயை எங்கேயாவது கண்டதுண்டா? “காசு குறைவு, ஆகையால் இந்த மாதம் அரிசியில் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம்” என்று சொன்ன பெண்மணி உண்டா? காசு குறையக் குறைய அவள் பார்வை கூர்மையாகிறது. ஏனென்றால் ஏமாந்துபோக அவளிடம் இரண்டாவது காசு கிடையாது.

சர்க்காரின் கொள்முதலுக்கும் இதுதான் நீதி. வெட்டு வருகிறதா? வரட்டும். கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வாங்கும் முறையிலே வைத்தால் அது சிக்கனம். வாங்கும் பொருளின் தரத்திலே வைத்தால் அது சிதைவு. பரிசோதனையிலே வைத்தாலோ, அது கொலை!

கடுஞ்சொல் என்று நினைக்கிறீர்களா? வரலாற்றைப் பாருங்கள்.

பம்பாயில் நடந்தது

ஆண்டு 1986. இன்று மும்பை என்று வழங்கும் பம்பாய் நகரம். அங்கே ஜாம்செட்ஜி ஜீஜீபாய் பெயரால் விளங்கும் ஜே.ஜே. மருத்துவமனை, ஏழை எளியோர் பல்லாயிரம் பேர் நம்பி வரும் பழம்பெரும் சர்க்கார் ஆஸ்பத்திரி. அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மூளையிலும் கண்ணிலும் ஏறிய அழுத்தத்தைத் தணிப்பதற்காக நோயாளிகளுக்குக் கிளிசரின் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் டாக்டர்கள், நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் வாங்கி வைத்திருந்த கிளிசரினில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. 14 நோயாளிகள் மாண்டார்கள்.

இந்த டை எத்திலீன் கிளைக்கால் என்பது என்ன? ஆலைகளில் பயன்படும் திரவம். வண்டியின் பிரேக் திரவத்தில் கலப்பார்கள். பார்த்தால் கிளிசரின் போலவே இருக்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். ஆனால் விலை மலிவு. உள்ளே போனால் சிறுநீரகத்தைச் செயலற்றதாக்கிவிடும். கண்ணாலும் நாவாலும் கண்டுபிடிக்க முடியாத இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க ஒரே வழி பரிசோதனைச் சாலைதான்.

மகாராஷ்டிர அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. நீதிபதி லெண்டின் தலைமை ஏற்று விசாரித்தார். கமிஷனின் அறிக்கை சாதாரண அறிக்கை அல்ல. மருந்து விற்றவரோடு குற்றம் முடியவில்லை என்று அது காட்டியது. வாங்கிய ஆஸ்பத்திரி நிர்வாகம், மேற்பார்வை செய்ய வேண்டிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அதற்கு மேலே அமைச்சர்கள் மட்டம் வரை, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் துருப்பிடித்திருந்ததை எடுத்துக் காட்டியது.

இந்த நஞ்சு அன்றுதான் முதன்முதலில் ஆளைக் கொன்றதா? இல்லை. 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை இதே திரவத்தில் கரைத்து விற்று, 100 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த ஆண்டே, 1938இல், மருந்தை விற்கும் முன் அதன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே குழந்தைகள் இந்த நஞ்சுக்குப் பலியானார்கள். இத்தனையும் தெரிந்த பிறகுதான் 1986 நடந்தது. அறியாமை என்று சொல்லித் தப்ப முடியுமா?

இனி நேற்றைய கதை. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபது பேருக்கு மேல் மாண்டனர். அந்த மருந்து தயாரான இடம் எது? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஓர் ஆலை. நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது, நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாத அந்த நஞ்சு 48.6 பங்கு இருந்தது தெரிந்தது! அது சர்க்கார் டெண்டரில் வாங்கிய மருந்தல்ல. கடையில் விற்ற மருந்து. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஆலை வாசலுக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவே சோதித்துப் பார்க்கும் கை ஒன்று இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள்.

மலிவாக வாங்க முடியாதா?

“அப்படியானால் மலிவான மருந்தெல்லாம் மோசமானது, விலை உயர்ந்ததுதான் நல்லது, சர்க்கார் அதிக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்” என்று ஒரு கூட்டம் கிளம்பும். பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு இந்த வாதம் தேனாக இனிக்கும். அந்த வலையிலும் நாம் விழக்கூடாது.

கடையில் ஒரு மாத்திரைக்கு நாம் கொடுக்கும் காசிலே எத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது தெரியுமா? மருந்துக்குள்ள விலை ஒரு பங்கு. மருந்துக்குச் சூட்டிய பெயரை டாக்டர் மனத்தில் பதியவைப்பதற்கான செலவு ஒரு பங்கு. பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் பிரதிநிதியின் சம்பளம் ஒரு பங்கு. மொத்த வியாபாரி ஒரு பங்கு. சில்லறை வியாபாரி ஒரு பங்கு. ஒரே மருந்து, பெயர்தான் வேறு வேறு, விலையும் வேறு வேறு. 1975இல் ஹாத்தி கமிட்டி இதைத்தான் சொன்னது: கம்பெனி சூட்டிய பெயரைப் படிப்படியாக ஒழித்து, மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கச் செய்யுங்கள் என்றது. நாடு முழுவதும் அது நடந்ததா? நடக்கவில்லை. ஆனால் சர்க்கார் தான் வாங்கும் மருந்திலாவது அதைச் செய்யலாமே! யார் தடுக்கிறார்கள்?

தமிழ்நாடு அதைச் செய்து காட்டியது. எப்படி என்று ஒவ்வொரு தோழரும் தெரிந்துகொள்ள வேண்டும். “முடியாது, முடியாது” என்று கையை விரிக்கும் அதிகாரியிடம், “முடியும்; இதோ முடிந்திருக்கிறது” என்று சொல்வதற்கு அது பயன்படும்.

1994இல் பிறந்த ஒரு முறை

1994ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் பதிவாயிற்று. 1995ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து வேலை செய்கிறது. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, இந்த முறை மாறவில்லை. நல்ல முறைக்கு அதுவே அத்தாட்சி.

அந்த முறை என்ன?

முதலாவது, பட்டியல். சந்தையில் மருந்துப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அத்தனையும் மக்களுக்குத் தேவையா? உலக சுகாதார நிறுவனம் 1977இல் அத்தியாவசிய மருந்துகளின் முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை இருநூறு அளவிலான மருந்துகள்தான். பெரும்பாலான மக்களின் பெரும்பாலான நோய்களுக்கு அவ்வளவே போதும் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாடும் அவ்வாறே தனக்கு வேண்டிய பட்டியலை வகுத்தது. பட்டியல் சுருங்கினால் ஒவ்வொரு மருந்தையும் அதிக அளவில் வாங்கலாம். அளவு பெருகினால் விலை இறங்கும். மண்டியில் மூட்டையாக வாங்கும் நம் தாய்மார் கணக்குத்தான் இது.

இரண்டாவது, சேர்த்து வாங்குதல். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தனித்தனியே பேரம் பேசினால் பலம் யார் பக்கம்? விற்பவன் பக்கம். மாநிலத்தின் ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே குரலில் விலை கேட்டால்? பலம் வாங்குபவர் பக்கம் வந்துவிடுகிறது. தொழிற்சங்கம் கண்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? தனியாகப் போய்க் கூலி கேட்டவன் நிலை என்ன, சங்கமாகப் போய்க் கேட்டவன் நிலை என்ன என்பது நமக்குத் தெரியாததா?

மூன்றாவது, இரண்டு உறை. டெண்டர் போடுபவர் இரண்டு உறை கொடுக்க வேண்டும். முதல் உறையில் தகுதி: சொந்த ஆலை உண்டா, நல்ல உற்பத்தி முறைக்கான சான்று உண்டா, சந்தையில் அனுபவம் உண்டா, ஆண்டு விற்பனை போதுமா என்ற விவரங்கள். இரண்டாவது உறையில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைப் பிரிப்பதே கிடையாது! இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். விலையை முதலில் பார்த்துவிட்டால் மலிவு கண்ணைக் கட்டிவிடும். “தகுதி கொஞ்சம் குறைவுதான், ஆனால் எவ்வளவு மலிவு பாருங்கள்!” என்று மனம் சப்பைக்கட்டு கட்டும். ஆகவே தகுதிக்குப் பிறகுதான் விலை. போட்டி தகுதியுள்ளவர்களுக்குள்ளே மட்டும்.

நான்காவது, பங்கீடு. மிகக் குறைந்த விலை சொன்ன ஒருவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்து, நாளை அவர் ஆலை நின்றுபோனால்? நோயாளி காத்திருப்பாரா? ஆகவே அடுத்த விலை சொன்னவர்களையும் அழைத்து, “அந்தக் குறைந்த விலைக்கே நீங்களும் தரச் சம்மதமா?” என்று கேட்டு, சம்மதிப்பவர்களுக்கும் பங்கு கொடுப்பது.

ஐந்தாவது, பரிசோதனை. இதுதான் உயிர்நாடி. சரக்கு வந்தவுடன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். எந்தக் கம்பெனியின் மருந்து என்பதை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். பரீட்சைத் தாளில் பெயரை மறைத்துத் திருத்துவது போல! ஆய்வகத்துக்கு அது யார் சரக்கு என்று தெரியாது. தெரியாதவரை யாரும் யாருக்கும் வேண்டப்பட்டவராக முடியாது. தேறிய பிறகுதான் மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறிய பிறகுதான் கம்பெனிக்குப் பணமும் போகும். தேறாத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பத் தேறாதவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும்.

ஆறாவது, கைப்புத்தகம். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு புத்தகம். அதில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று வரவு வைப்பார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய், தனக்கு எந்த மருந்து வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைப் பற்று எழுத வேண்டியதுதான். மேலிருந்து வேண்டாத மருந்தைத் திணிக்க முடியாது. மலைப்பகுதி ஆஸ்பத்திரிக்கு வேண்டியது ஒன்று. துறைமுகத்தொழிலாளர் வரும் ஆஸ்பத்திரிக்கு வேண்டியது வேறொன்று. எது வேண்டும் என்று வேண்டுபவரே சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. டப்பாவிலிருந்து அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த உதிரி மாத்திரைகளை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஈரம் பட்டு உதிரும். எது எந்த மருந்து என்றும் தெரியாது. அட்டையில் அடைத்த மாத்திரைகள் வந்தன. அவற்றின்மேல் அரசு வழங்குவது, விற்பனைக்கல்ல என்ற முத்திரையும் வந்தது. அட்டைக்குச் சற்றே கூடுதல் செலவு பிடிக்கும். ஆனால் மாத்திரை கெடாது. திருடிப்போய்க் கடையில் விற்கவும் முடியாது. செலவு செய்து மிச்சம் பிடிப்பது என்பது இதுதான்.

இந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் அதே வழியில் நிறுவனங்கள் கண்டன. கேரளம் கண்டது. ராஜஸ்தான் கண்டது; 2011 அக்டோபர் 2 முதல் அங்கே அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டமே தொடங்கிற்று. செலவைக் குறைத்துத் தரத்தைக் காக்க முடியாது என்பவர்கள் இவற்றுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

வெட்டு வந்தே தீரும் என்றால்

இவ்வளவு செய்தும் பணம் போதவில்லை, வெட்டு வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? சோம்பேறி அதிகாரிக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. எல்லாவற்றிலும் நூற்றுக்குப் பத்து குறைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவது. இன்சுலினிலும் பத்து, இருமல் மருந்திலும் பத்து! ஆனைக்கும் ஒரே அளவு, பூனைக்கும் ஒரே அளவு என்ற இந்தக் கணக்கு ஒரு கணக்கா?

முதல் விதி: இனம் பிரி. ஆஸ்பத்திரிச் சரக்கை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்ப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். எதற்கு எவ்வளவு பணம் போகிறது என்பது ஒரு பிரிவு. பெரும்பாலும் பட்டியலில் உள்ள சில மருந்துகளே பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மீதி நூற்றுக்கணக்கான மருந்துகளுக்கு ஆகும் செலவு கொஞ்சந்தான். இல்லாவிட்டால் உயிர் போகும், இல்லாவிட்டால் நோய் நீளும், இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்பது இன்னொரு பிரிவு. உயிர் காக்கும் மருந்தில் கை வைக்காதே. பணம் தின்னும் சரக்கில் பேரம் பேசு. இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்பதை முதலில் குறை.

இரண்டாம் விதி: வீணாவதை நிறுத்து. காலாவதியாகிக் குழியில் கொட்டும் மருந்துக்கும் நம் வரிப்பணந்தானே போயிருக்கிறது? முதலில் காலாவதியாகப் போவதை முதலில் கொடு. ஒரு மாவட்டத்தில் தேங்கிக் கிடப்பதைப் பற்றாக்குறையுள்ள மாவட்டத்துக்கு மாற்று. குளிரில் வைக்க வேண்டியதைக் குளிரில் வை.

மூன்றாம் விதி: நாளில் பணம் கொடு. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சர்க்கார் ஆறு மாதம், ஓராண்டு பாக்கி வைத்தால் என்ன ஆகிறது? நேர்மையான சிறு உற்பத்தியாளர் தாங்கமாட்டாமல் டெண்டருக்கே வருவதில்லை. போட்டி குறைகிறது. மிஞ்சி நிற்பவர், பாக்கிக்கான வட்டியையும் சேர்த்து விலையில் ஏற்றிவிடுகிறார். அல்லது ஏற்றாமல் சரக்கின் தரத்தில் பிடித்துக்கொள்கிறார். நம் மாளிகைக்கடைக்காரரே, மாதம் தவறாமல் கடன் அடைப்பவருக்கு ஒரு விலையும் இழுத்தடிப்பவருக்கு வேறு விலையும் சொல்வதில்லையா?

நான்காம் விதி: மிகமிக மலிவைக் கண்டால் சந்தேகப்படு. மூலப்பொருள் விலைக்கும் கீழே ஒருவர் விலை சொன்னால் அவர் வள்ளலா? எங்கேயோ எதையோ குறைக்கப் போகிறார் என்று பொருள். எப்படித் தர முடியும் என்று கணக்குக் கேட்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 100 மாத்திரையை 100 ரூபாய்க்குத் தருகிறார்; நூறும் நல்லவை. இன்னொருவர் 80 ரூபாய்க்குத் தருகிறார். அதில் 30 உதவாதவை. நல்ல மாத்திரை 70க்கு 80 ரூபாய் கொடுத்தோம். ஒன்று 1 ரூபாய் 14 காசு ஆகிறது! மலிவு எது? இதிலே குணமாகாத நோயாளி மறுபடி வருவதும், படுக்கையில் கிடப்பதும், அவர் இழந்த கூலியும் சேரவில்லை. அதைச் சேர்த்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

ஐந்தாம் விதி: சோதனையில் கை வைக்காதே. வெட்டு வந்ததும் முதலில் பலியாவது இதுதான். ஏன் தெரியுமா? மருந்து இல்லை என்றால் ஜன்னலில் சத்தம் கேட்கும். சோதனை இல்லை என்றால் சத்தமே கேட்காது. “எல்லாத் தொகுதியையும் பார்ப்பானேன், பத்துக்கு ஒன்று பார்த்தால் போதாதா?” என்று ஆரம்பிப்பார்கள். மாதிரி எடுக்கும் ஊழியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்பமாட்டார்கள். கிடங்கில் நாலு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுவார்கள். கணக்கில் மிச்சம் தெரியும். ஓராண்டு ஒன்றும் நடக்காது. இரண்டாண்டு ஒன்றும் நடக்காது. “பார்த்தீர்களா, சோதனை இல்லாமலே எல்லாம் நன்றாக நடக்கிறது!” என்று மார்தட்டுவார்கள். பம்பாயில் 14 பேர் சாகும் நாள் வரை அங்கேயும் எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது!

நம் வேலை

தோழர்களே! இதெல்லாம் கோட்டையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. சங்கிலியின் கடைசிக் கண்ணி மருந்து ஜன்னல். அந்த ஜன்னலில் நிற்பவர்கள் நாம். கோட்டைக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். அங்கே மருந்து கொடுப்பவரும் உழைப்பாளிதான். இல்லாத மருந்தை அவர் எங்கேயிருந்து கொண்டுவருவார்? கேள்வி கேளுங்கள். எந்த மருந்து இல்லை? எத்தனை நாளாய் இல்லை? கிடங்கில் கேட்டாரா? கேட்டதற்கு என்ன பதில்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். “மருந்தே இல்லை” என்று மேடையில் முழங்கினால் அதிகாரி மறுத்துவிடுவார். “இன்ன மருந்து, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் மறுக்க முடியாது.

அட்டை கிழிந்திருக்கிறதா, மாத்திரை நிறம் மாறியிருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் அந்த அட்டையையே, அதில் உள்ள தொகுதி எண்ணோடு, மருத்துவ அதிகாரியிடம் எழுத்து மூலம் ஒப்படையுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு எத்தனை தொகுதிகள் சோதிக்கப்பட்டன? எத்தனை தேறவில்லை? தேறாத சரக்கு என்ன ஆயிற்று? உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி எவ்வளவு? காலாவதியானது எவ்வளவு? இந்த ஐந்து கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டால், ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தது போல் ஆகும்.

பட்ஜெட்டில் வெட்டு என்று செய்தி வரும்போது, “வெட்டாதே!” என்று மட்டும் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். “எதை வெட்டுகிறாய்? காட்டு!” என்று கேளுங்கள். இடைத்தரகன் பங்கையா? வெட்டு, பாராட்டுகிறோம். வீணாய்ப் போவதையா? வெட்டு, உதவிக்கு வருகிறோம். மருந்தின் தரத்தையா, சோதனைச் சாலையின் செலவையா, கிடங்கு ஊழியரின் இடத்தையா? அங்கே கத்தரிக்கோலை வைக்க விடமாட்டோம்.

மூட்டை தூக்கும் அந்தத் தோழர் நாளைக்கும் அந்த ஜன்னலுக்கு வருவார். சீட்டில் எழுதிய மூன்று மருந்தும் அவர் கைக்கு வர வேண்டும். மூன்றும் நல்ல மருந்தாய் இருக்க வேண்டும். அட்டையை அவர் பிரித்து மாத்திரையை வாயில் போடும்போது, “இதைச் சோதித்தார்களா?” என்று அவர் யோசிக்க வேண்டியதில்லாமல் இருக்க வேண்டும். அந்த யோசனையை அவருக்காக நாம் செய்வோம்.